கை படாத ரேடியேட்டருக்கு யார் பொறுப்பு? பிறையில் ஒரு பட்டறைத் தகராறு

கோரிக்கைத் தாளில் ஏழு வரிகள் இருந்தன. எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் 380 ரிங்கிட். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டை மாற்றி, ஹெட்டைச் சமன் செய்த செலவு 1,650. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டைக் கழற்றி மீண்டும் பொருத்தியது 250. ஏர்கான் பெல்ட்டை இறுக்கியது 30. பின்கதவுக் கண்ணாடியின் மோட்டார் 180. இழுவை லாரி 150. கார் இல்லாத நாள்களில் கிராப் வாடகை வண்டிக்குக் கொடுத்தது 260. மொத்தம் 2,900 ரிங்கிட். இதை முழுவதுமாக, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரிலுள்ள ஒரு கார் பட்டறை தர வேண்டும் என்றார் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒரு காசும் தர முடியாது என்றார் பட்டறைக்காரர்.

வாகனக் காப்புறுதித் துறையில் இழப்பு மதிப்பீட்டு வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், ஆசிரியையின் உறவினர் ஒருவர் தாள்களை என்னிடம் கொண்டுவந்தார். பிறகு பட்டறைக்காரரும் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். பெயர்களையும் கடையின் அடையாளத்தையும் விட்டுவிடுகிறேன். இருவருமே ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அப்படி யாராவது ஒருவர் இருந்திருந்தால் இதில் ஆய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவர்களுக்குள் பழக்கம் பத்தாண்டுக்கும் மேலானது. பட்டறைக்காரரின் பிள்ளைகள் இருவரும் ஆசிரியையிடம் படித்தவர்கள். அவர் இவரை ‘டீச்சர்’ என்பார். இவர் அவரைத் ‘தம்பி’ என்பார். சாவியைக் கொடுத்துவிட்டு, “பார்த்துச் செய்யுங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். ஆகவே எழுத்தில் ஒன்றுமே இல்லை. எந்தப் பாகத்தை மாற்றப்போகிறார்கள், என்ன செலவாகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பட்டறை தெரிவிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஆனால் பழகிய கடையில் விதிமுறையைப் பற்றிக் கேட்பது முகத்தை முறிப்பதாகிவிடும் என்று இரு தரப்பும் எண்ணின.

கார் உள்ளே போனபோது

கார் 2012-இல் வாங்கிய புரோட்டோன் சாகா எஃப்எல்எக்ஸ், 1.3 லிட்டர். ஓட்டமானி 160,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. டைமிங் பெல்ட் இரண்டாம் முறையாக மாற்றவேண்டிய நேரம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். அதனால் ஒத்திப்போட முடியாத வேலை. அதோடு, எஞ்சினுக்குள் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் கசிந்துகொண்டிருந்தது. பம்ப்பை டைமிங் பெல்ட்டே சுழற்றுவதால், பெல்ட்டைக் கழற்றும்போது பம்ப்பையும் மாற்றிவிடுவது பட்டறைகளின் நடைமுறை. பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், பம்ப், புதிய கூலன்ட் (குளிர்விக்கும் நீர்மம்), கூலி எல்லாம் சேர்த்து 680 ரிங்கிட் என்று வாய்ப்பேச்சில் முடிவானது. அதில் கூலி 200 என்பதை இருவருமே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விவரத்தை ஆசிரியை முதலில் சொல்லவில்லை. மறைக்க நினைத்தார் என்று சொல்லமாட்டேன். அது முக்கியம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பம்ப் கசிந்த மாதங்களில் அவர் வாரந்தோறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே காரை ஓட்டியிருக்கிறார். பின்னால் வந்த சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டம் மூடிய அமைப்பு. சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறும், ஏறவும் வேண்டும். சுமார் 1 பார், அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு, கூடுதல் அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்கும். பம்ப் கசிந்தால் அந்த அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாத அமைப்பில், முதுமையடைந்த ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது காலத்தைத் தள்ளிக்கொண்டு போகும். புதிய பம்ப் வந்து கசிவு நின்றதும் அமைப்பு மீண்டும் முழு அழுத்தத்தைப் பிடிக்கிறது. அதுவரை தப்பித்துவந்த விரிசல் அப்போது வாய் திறக்கும். பழைய கார்களைப் பார்க்கும் ஃபோர்மேன்களில், அதாவது மெக்கானிக்குகளில், இதை அறியாதவர் குறைவு.

பன்னிரண்டு நாள்

காரை எடுத்துவந்த மறுநாள் காலையிலேயே ஆசிரியை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை, ஏர்கான் போட்டால் கீச்சென்ற சத்தம் வருகிறது என்பது செய்தி. பதிலும் குரல் பதிவாகவே வந்தது: “புது பெல்ட், டீச்சர். கொஞ்ச நாள் ஓடினால் சரியாகிவிடும்.”

டைமிங் பெல்ட் ஓடஓடப் பழகிக்கொள்ளும் பொருள் அன்று. பல் பொருந்தினால் பொருந்தியது, இல்லையென்றால் இல்லை. வேலை மும்முரத்தில் அவர் சொன்ன சமாதானம் அது என்று நம்புகிறேன். ஆனால் அந்தச் சில நொடிக் குரல் பதிவுதான் இந்த வழக்கில் ஆசிரியை கையில் இருந்த ஆகப்பெரிய சான்று. புகார் உடனே சொல்லப்பட்டது, சரிசெய்யும் வாய்ப்பு கொடுக்கப்பட்டது, பட்டறை அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்ற மூன்றையும் அது ஒரே நேரத்தில் நிறுவியது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பினாங்குத் தீவிலுள்ள ஆயர் ஈத்தாமில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் பினாங்குப் பாலத்தின் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். 1985-இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய பாலம். வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாலத்தின் நடுமேட்டைத் தாண்டும்போது வெப்பமானி முள் சிவப்பை நோக்கி ஏறியது. இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் ஒதுங்கப் பயந்தார். சிறிது நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினார். பிறைப் பக்கம் இறங்கி ஓரத்தில் நிறுத்தியபோது முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

முள் இறங்கியது எஞ்சின் குளிர்ந்ததால் அன்று. வெப்ப உணரி நீரில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியான கணக்கைக் காட்டும். நீர் முழுவதும் வெளியேறி உணரி வெறுமையில் நின்றால் காட்டும் அளவை நம்ப முடியாது. “முள் ஏறியதைப் பார்த்தும் ஏன் ஓட்டினார்?” என்று பட்டறைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. முள் இறங்கியதை நம்பியவரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது என்பதும் நியாயம். எனினும் முதலில் ஏறியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். அதை ஆசிரியையிடமும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

இழுவை லாரிக்காரர் தமக்குத் தெரிந்த வேறொரு பட்டறையில் காரை இறக்கினார். இறக்குமிடத்தை லாரிக்காரர் தேர்ந்தெடுப்பது இந்த ஊரில் தனிக் கதை. அதை இங்கே விரிக்கவில்லை. அந்த இரண்டாவது பட்டறை எஞ்சினைத் திறந்தது, ரேடியேட்டர் பிளந்து நீர் வெளியேறிய சூட்டில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றது, ஹெட்டைச் சமன் செய்யக் கடைசலுக்கு அனுப்பியது, எல்லாவற்றையும் முடித்துக் காரைக் கொடுத்தது. முதல் பட்டறைக்காரருக்கு இவை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது 2,900 ரிங்கிட் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான்.

எதில் யாருடைய கை

கண்ணாடி மோட்டாரை முதலில் ஒதுக்கிவிடலாம். பின்கதவுப் பக்கமே யாரும் போகவில்லை. காரை எடுத்துவந்த அதே வாரத்தில் அது நின்றுபோனது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இப்படி ஒரு வரியைச் சேர்ப்பதால் மற்ற ஆறு வரிகளின் நம்பகமும் குறைகிறது. காப்புறுதிக் கோரிக்கைகளில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்: 180 ரிங்கிட்டைச் சேர்க்கப்போய், ஆயிரக்கணக்கில் வரவேண்டியதன்மேல் சந்தேகத்தை வரவழைத்துக்கொள்வார்கள்.

ஏர்கான் பெல்ட் அதற்கு நேர் எதிர். டைமிங் பெல்ட்டை அடைய வெளிப்புற பெல்ட்டுகளைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது தளர்வாக விட்டால் கீச்சிடும், ஏர்கானும் சரியாகக் குளிராது. கழற்றியதும் மாட்டியதும் ஒரே கை. பட்டறைக்காரர் இதற்கு வாதாடவே இல்லை.

எஞ்சின் நடுக்கம் சற்று ஆழமானது. இரண்டாவது பட்டறையின் இளம் ஃபோர்மேன், பெல்ட்டைக் கழற்றும் முன்பு கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தார். வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சுழற்றும் இரண்டு கேம் புல்லிகளில் ஒன்றின் குறி, இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு பல் தள்ளி நின்றது. ஒரு பல் தவறியிருந்தால் கார் ஓடியே இருக்காது என்றார் பட்டறைக்காரர். ஓடும். சீராக ஓடாது, இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் ஓடும். பிறகு, எஞ்சின் சூடேறியபோது பெல்ட் தாவியிருக்கலாம் என்றார். மறுநாள் காலை அனுப்பிய குரல் பதிவே அதற்குப் பதில்: நடுக்கம் சூடேறுவதற்குப் பதினொரு நாள் முன்பே தொடங்கிவிட்டது. இடையில் தாவியது என்றே வைத்துக்கொண்டாலும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கவேண்டிய டென்ஷனரும் அவர் போட்டதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய கையே வந்து நிற்கிறது.

ஆனால் 250 ரிங்கிட் கேட்டது தவறு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்றி, திரும்பச் சரியாகப் பொருத்தியே ஆக வேண்டும். அந்தக் கூலி 1,650-க்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது பட்டறை அதே வேலைக்கு இருமுறை பணம் வாங்கியிருக்கிறது. ஆசிரியை முதல் பட்டறையிடம் கேட்கவேண்டியது பழுதாகச் செய்யப்பட்ட வேலைக்கான கூலியைத்தான்; அதாவது அந்த 200-ஐ.

மீதி இருப்பது ரேடியேட்டரும் கேஸ்கெட்டும். தகராறின் எடை முழுவதும் இங்கேதான்.

“டீச்சர், நான் தொட்டது பெல்ட்டும் பம்ப்பும். ரேடியேட்டரை நான் தொடவே இல்லை,” என்று பட்டறைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். “உங்களிடம் விடும்போது ஓடிக்கொண்டிருந்த கார், தம்பி,” என்பது ஆசிரியையின் மாறாத பதில். இரண்டு வாக்கியங்களும் உண்மை போலத் தோன்றும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது.

நகர்த்தியது பழைய ரேடியேட்டர். இரண்டாவது பட்டறையின் முதலாளி அதைக் குப்பையில் போடாமல், “பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, வேண்டியிருக்கும்,” என்று காரின் பின்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். அவர் ரசீதில் எழுதிய ‘முன் பட்டறையின் தவற்றால்’ என்ற வரிக்கு மதிப்பே இல்லை. அடுத்த கடைக்காரரைக் குறைசொல்லாத கடைக்காரர் எங்கே இருக்கிறார்? அந்தப் பழைய பாகத்தை எடுத்துவைக்கச் சொன்னதற்குத்தான் மதிப்பு.

பிளவு, தொட்டியில் குழாய் பொருந்தும் கழுத்தின் அருகே தொடங்கி நீளவாக்கில் ஓடியிருந்தது. பிளவின் விளிம்பில் பெரும்பகுதி செம்பழுப்பாகப் படிவு பிடித்திருந்தது. கடைசிச் சிறு பகுதி மட்டும் புதிய முறிவின் தூய்மையோடு இருந்தது. அதாவது விரிசல் மாதக்கணக்காக வளர்ந்துவந்தது, பாலத்தில் முழுமையாகப் பிளந்தது. பட்டறைக்காரர் உடைக்கவில்லை. கூலன்ட்டை நிரப்பும்போது காற்றை வெளியேற்றாமல் விட்டதால் சூடேறியிருக்குமோ என்ற ஐயமும் எனக்கு இருந்தது. அப்படியானால் முதல் ஓரிரு நாளிலேயே தெரிந்திருக்கும். பன்னிரண்டு நாள் பொறுத்திருக்காது.

ஆனால் ‘தொடவே இல்லை’ என்பதும் சரியல்ல. பழைய நீரை வடிக்க அவர் அந்தக் கழுத்திலிருந்துதான் குழாயைக் கழற்றியிருக்கிறார். விரிசல் தொடங்கிய இடம் அவர் விரல்களுக்கு மிக அருகில். கசிந்து காய்ந்த தடம் தொட்டியின் வெளிப்பக்கத்திலும் இருந்தது. கைப்பம்ப்பை மாட்டி அழுத்தச் சோதனை செய்ய ஒரு கால்மணி நேரம் போதும். புதிய பம்ப் போட்டபின் அந்தச் சோதனையைச் செய்திருந்தால் விரிசல் பட்டறைத் தரையிலேயே வெளிப்பட்டிருக்கும். சோதிக்காவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: ரேடியேட்டர் பழையது, இனி அழுத்தம் ஏறும், தாங்காமல் போகலாம் என்று.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்ய வேண்டும் என்கிறது. அந்தக் கவனம் மாற்றிய பாகத்தோடு முடிந்துவிடுவதில்லை. மாற்றிய பாகத்தால் எந்தப் பழைய பாகத்துக்குச் சுமை கூடும் என்பதைப் பார்ப்பதும் அதற்குள் வருகிறது என்பதே என் வாதம். கையால் தொட்டதற்கு மட்டும் அன்று, கண்ணால் பார்த்திருக்கவேண்டியதற்கும் பட்டறை பொறுப்பு.

இதை ஏற்றால் கணக்கு விசித்திரமாகத் திரும்புகிறது. அவர் ஒழுங்காக எச்சரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆசிரியை 380 ரிங்கிட் கொடுத்துப் புதிய ரேடியேட்டர் போட்டிருப்பார். பாலத்தில் ஒன்றும் நடந்திருக்காது. ஆக ரேடியேட்டரின் விலை எப்படியும் ஆசிரியையுடையது. கேஸ்கெட்டின் விலைதான் பட்டறையின் பக்கம் சாய்கிறது. உடைந்த பொருளுக்குக் காசில்லை, அதனால் கெட்ட பொருளுக்குத்தான் காசு என்று சொன்னபோது இரு தரப்பும் என்னை ஒரே மாதிரி முறைத்தார்கள்.

பட்டறைக்காரரிடமும் ஒரு வலுவான வாதம் இருந்தது. மாதக்கணக்காக நீர் குறைந்து குறைந்து ஓடிய எஞ்சின் அது; கேஸ்கெட் ஏற்கெனவே நலிந்திருக்கலாம் என்றார். உண்மைதான். அதை நிறுவ அவரிடம் இருந்த ஒரே சான்று கழற்றிய பழைய வாட்டர் பம்ப். எவ்வளவு காலமாகக் கசிந்தது என்பதை அதன் மேல் படிந்த கறையே சொல்லியிருக்கும். அதை அவர் பழைய இரும்பு வாங்குபவருக்குப் போட்டுவிட்டார். கழற்றிய பாகங்களை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது வாடிக்கையாளரின் நன்மைக்கு மட்டுமே என்று பட்டறைகள் நினைக்கின்றன. இங்கே அது பட்டறையைக் காப்பாற்றியிருக்கும்.

தம்மை அழைத்துக் காட்டாமலே எஞ்சினைத் திறந்துவிட்டார்கள் என்ற அவருடைய மனக்குறையையும் தள்ள முடியாது. சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, சரிசெய்யக்கூடிய குறையென்றால் முதலில் சேவை கொடுத்தவரிடமே சரிசெய்யச் சொல்ல வேண்டும்; அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டாலோதான் வேறிடத்தில் செய்து செலவைக் கேட்கலாம். நடுக்கத்தைப் பொறுத்தவரை அந்த வாய்ப்பு குரல் பதிவில் கொடுக்கப்பட்டது. கேஸ்கெட்டுக்குக் கொடுக்கப்படவில்லை. ஞாயிறு இரவில் கடை பூட்டியிருந்தது உண்மை. திங்கட்கிழமை திறந்திருந்ததும் உண்மை.

தீர்ப்பாயம்

பேச்சு முறிந்ததும் ஆசிரியை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முதலாம் படிவத்தைப் பதிவு செய்தார். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கையின் உச்சவரம்பு 2019-இல் 25,000-இலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இந்தத் தொகைக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வர வேண்டும் என்பதிலும் தடையில்லை. பொதுவாக வழக்கறிஞர்கள் வருவதில்லை. இரு தரப்பும் தாமே பேச வேண்டும். பட்டறைக்காரர் இரண்டாம் படிவத்தில் தம் எதிர்வாதத்தைக் கொடுத்தார். அதை மலாயில் எழுத அவருக்கு உதவியது அவருடைய மூத்த மகள். அதாவது ஆசிரியையின் பழைய மாணவி. எழுத்துப்பிழை இல்லை என்று ஆசிரியையே பாராட்டினார்.

அங்கே போகும் முன் கோரிக்கையைத் திருத்தச் சொன்னேன். கண்ணாடி மோட்டாரையும் ரேடியேட்டரையும் எடுத்துவிட்டு, 250-க்குப் பதிலாக 200 என்று போடச் சொன்னேன். கண்ணாடி மோட்டாரை எடுத்தார். ரேடியேட்டரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

விசாரணையைத் தொடங்கும் முன்பு இரு தரப்பும் இணங்கிப்போக வழியுண்டா என்று தீர்ப்பாயம் பார்ப்பதுண்டு. இங்கே அதுதான் நடந்தது. குரல் பதிவு ஒலிக்கப்பட்டது. பழைய ரேடியேட்டரை மேசைமேல் வைத்தார்கள். தலைவர் பிளவின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இது எப்போது தொடங்கியிருக்கும் என்று பட்டறைக்காரரிடமே கேட்டார். “பழைய விரிசல்தான்,” என்றார் அவர், தம் கட்சி வென்றதுபோல. குழாயைக் கழற்றியபோது கண்ணில் படவில்லையா என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு தொகையைப் பற்றிய பேச்சு மட்டுமே மிச்சம் இருந்தது.

முதல் வேலையின் கூலி 200, ஏர்கான் பெல்ட் 30, கேஸ்கெட் செலவில் பாதி 825, இழுவையிலும் கிராப் கட்டணத்திலும் பாதி 205. மொத்தம் 1,260, பேச்சில் 1,250 ரிங்கிட்டாக முடிந்தது. ரேடியேட்டருக்கு ஒன்றும் இல்லை. இணக்கம் தீர்ப்பாயத்தின் ஆணையாகப் பதிவானது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் வலு உண்டு. 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

பாதி என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. எச்சரிக்கத் தவறியதும், நடுக்கத்தைச் சொன்ன பிறகும் காரைக் கூப்பிட்டுப் பார்க்காததும் சேர்ந்தால் பட்டறையின் பங்கு பாதிக்கு மேல் வர வேண்டும். மறுநாளே காரை வரவழைத்து முன்மூடியைத் திறந்திருந்தால், புதிய பம்ப்பின் அழுத்தத்தில் அந்த விரிசலிலிருந்து துளி கசிவதை அவர் பார்த்திருக்கக்கூடும். மறுபுறம், முள் ஏறியதைப் பார்த்தும் பாலத்தில் தொடர்ந்து ஓட்டியதும், முதல் பட்டறையை அழைக்காமல் எஞ்சினைத் திறக்கவிட்டதும் ஆசிரியையின் கணக்கில் ஏறுகின்றன. ஒரு தலைவர் தீர்ப்பு எழுதியிருந்தால் 1,250-ஐவிடக் கூடவும் வந்திருக்கலாம், குறையவும் வந்திருக்கலாம். அதனால்தான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாவது பட்டறை இருமுறை வாங்கிய 250-ஐத் திருப்பிக் கேட்கலாம் என்று ஆசிரியையிடம் கூறினேன். அங்கேயும் சண்டைக்குப் போனால் காரை எங்கேதான் விடுவது என்று கேட்டார். முதல் பட்டறைக்காரர் 1,250 ரிங்கிட்டையும் கெடு முடிவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டார்.